மேலே பார்த்த விளக்கு

டென்சிலின் டிப்பர் லாரிக்கும் முன்விளக்கு என்று இரண்டு இருந்தன. மின்மினிப் பூச்சிகூட அவற்றோடு சம்பந்தம் வைத்துக்கொள்ள யோசிக்கும், அவ்வளவு மங்கல். அந்த மங்கலில்தான் போன மாசம் பூதிகோட்டை ரோட்டில், பொழுது சாய்ந்த நேரத்தில், மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த வெங்கடம்மாவை அவன் பார்க்கத் தவறினான். மாடு அங்கேயே செத்தது. வெங்கடம்மாவுக்கு ஒரு கால் முழங்காலோடு போயிற்று. ஊர்க்காரர்கள் அடித்ததில் டென்சிலுக்கு முன்பல் போயிற்று. நாக்கு ஓயாமல் அந்தப் பல்சந்தைத் தேடிக்கொண்டிருந்தது.

"என்னால இன்னொரு உயிரு போச்சுன்னா இந்த ஸ்டியரிங்க தொடமாட்டேன்" என்று மனைவி ஃப்ளோராவிடம் பைபிள்மேல் கைவைத்துச் சொல்லிவிட்டான். லாரியை விட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

ராபர்ட்சன்பேட்டையில் ராஜப்பாவின் ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் நின்றான்.

"இருக்கிறதுலயே பெரிய வெளிச்சமா குடுண்ணா."

"இன்னாபா, ஏரோப்ளேன் எறக்கப் போறியா? வாட்ஸ் ஏத்தினா ஹோல்டர் உருகிப்புடும். உன் கண்ணாடியே மஞ்சளடிச்சிப் போச்சி, பல்ப மட்டும் மாத்தி இன்னா ஆவும்? இருபத்திநாலு வோல்ட்டுல முழு செட்டா போடு. மாட்டினதும் செவுத்துக்கு எதிர நிறுத்தி, விளக்கு உசரத்துக்குக் கோடு போடு. வெளிச்சம் கோட்டுக்குக் கீழதான் வுழணும், மறந்துடாத."

விளக்கை மாட்டியவர் மாமனார் ஏனோக். தங்கச் சுரங்கம் மூடும்வரை அதில் ஷிப்ட் பார்த்தவர், மூடியபின் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை. சுரங்கத்தின் கீழே, லெவல் என்கிற குடைவழிக்குள் நுழைந்ததும் தலைவிளக்கை முதலில் கூரையில் அடித்துப் பார்க்க வேண்டும். பார்க்காத ஒருநாள் அவருடைய தம்பி சரிந்த பாறைக்கடியில் போனான். அன்றிலிருந்து ஏனோக் காபி குடிக்கும் முன்பும் கூரையைப் பார்ப்பார். கல்யாண வீட்டில் பந்தலைப் பார்த்த பிறகுதான் பொண்ணைப் பார்ப்பார்.

டென்சில் சுவரில் கரிக்கோடு போட்டான். ஏனோக் திருப்புளியைத் திருகத் திருக வெளிச்சம் கோட்டைத் தாண்டி ஏறியது.

"மாமா, கோட்டுக்குக் கீழன்னு சொன்னாரு."

"கடைக்காரனுக்கு இன்னா தெரியும் மாப்ளே? மேல பாக்காதவன்தான் சாவான்."

வெளிச்சம் சுவரையும் தாண்டி ஆண்டர்சன்பேட்டை மாதா கோயில் மணிக்கூண்டு வரை எட்டிற்று. அங்கே உறங்கிய புறாக்கள் விடிந்துவிட்டதென்று இரை தேடக் கிளம்பின. டென்சிலுக்கும் சிரிப்பு வந்தது. அந்த மாசத்திலேயே முதல் சிரிப்பு. இத்தனை வெளிச்சத்தில் எந்த மாடு கண்ணுக்குத் தப்பும், எந்த வெங்கடம்மா மறைவாள் என்று நினைத்தான். கரிக்கோட்டை மறந்தான்.

மறுநாள் அந்தி கறுக்கும்போது இருவரும் பங்காருப்பேட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். தைல மரங்களின் உச்சி இலைகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது.

"பாத்தியா!" என்றார் ஏனோக்.

எதிரே ரயிலிறங்கி வீடு திரும்பும் யாரோ ஒருவன் பைக்கில் வந்தான். ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். பைக் கோணலாக ஓடிப் பாலத்துக் கட்டைச்சுவரில் இடித்த சத்தம் கேட்டது. டென்சில் பிரேக்கை மிதித்தான்.

"நாம மோதல மாப்ளே. வண்டி அவன் மேல படவேயில்ல."

"மாமா, வெளிச்சத்த கீழ எறக்கு. ஒண்ணும் தெரியல."

ஏனோக் இறங்கி விளக்கெதிரே மண்டியிட்டுத் திருகினார். வெளிச்சம் இலைகளை விட்டு, மரத்தின் வயிறு வழியாக, கட்டைச்சுவர் வழியாக இறங்கிக் கடைசியில் விழுந்து கிடந்தவன்மேல் நின்றது. பையிலிருந்து சோற்று டப்பா வெளியே உருண்டிருந்தது. டென்சில் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். வைத்தபடியே நெடுநேரம் இருந்தான்.

வயல் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவரும் குரல் கேட்டது.

"வண்டிய எடு மாப்ளே, போயிடலாம்!"

டென்சில் சாவியைப் பிடுங்கி ஏனோக்கின் கையில் வைத்து மூடினான். பிறகு செத்தவனுக்குப் பக்கத்தில், அந்த வெளிச்சத்திலேயே, ரோட்டில் உட்கார்ந்தான். நாக்கு பல்சந்தைத் தேடிப் போயிற்று.