முப்பதாவது சுற்றில் மூன்றாவது கார்

1

நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. அந்த ரிமோட் கார்ப் பந்தயத்தில் முடிவுக் கோட்டருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காரின் சுற்றுகளையும் நோட்டில் எண்ணியவன் நான்தான். எண்ணியவனுக்கே சந்தேகம் என்றால் படிப்பவர் என்ன செய்வார்? அதனால் ஆறு மாதமாக இதை எழுதாமல் இருந்தேன். இன்று கை பரபரக்கிறது. எழுதிவிடுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'உள்ளங்கையளவு கார்களுக்கும் ஓர் உயிர் உண்டு என்று அவள்…' வேண்டாம். அவள் அப்படியெல்லாம் பேசுகிறவள் அல்ல.

2

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். பகலெல்லாம் அடுத்தவர் கண்ணாடியில் கடுகளவு திருகாணி முடுக்குவாள். வீட்டுக்கு வந்தால் ரிமோட் காரில் அதைவிடச் சின்னத் திருகாணி. பந்தயக்காரர்களுக்கு அவள் 'கண்ணாடிக்காரி'. சாப்பாட்டு மேசை முழுக்க அவளுடைய பல்சக்கரங்கள், டயர் ஒட்டும் பசை, எண் எழுதி ஒட்டிய பேட்டரிகள். ரொட்டிக் கடை அடுப்பில் வேலை செய்யும் கணவர் எட்டு மாதமாகத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை முதல் மூணு இடத்துக்குள்ள வா, மேசை உனக்கு. இல்லன்னா எல்லாத்தையும் அட்டைப்பெட்டியில போட்டுப் பரண்ல ஏத்திடு."

பரணில் ஏறிய எதுவும் அந்த வீட்டில் இறங்கியதில்லை. அது அவளுக்குத் தெரியும்.

[அவரைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நாள் முழுக்க நின்று கால் கடுத்து வரும் மனிதர், மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டார். அவ்வளவுதான்.]

3

தரை ஓடு விற்கும் கடையின் மாடியில், பட்டப்பகலில் பந்தயம். உதவிக்கு நாத்தனார் வந்திருந்தாள். பேட்டரி அவள் பொறுப்பு.*

* சுண்டுவிரல் தடிமனில் நான்கு பேட்டரிகள். நான்கும் ஒரே பலத்தில் இருக்க வேண்டும்; ஒன்று சோர்ந்தால் கார் முழுக்கச் சோர்ந்துவிடும். சார்ஜரில் ஏறிய சூடு ஆறக்கூடாது என்று நாத்தனார் நான்கையும் காலுறைக்குள் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். காய்ச்சல் பார்க்கிறாளா என்று எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.

அச்சில் சுற்றிய முடியை இடுக்கியால் எடுத்தபடி, அது யாருடைய முடி என்று இருவரும் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். "சுருட்டையா இருக்கு. உன்னோடதுதான்." "உங்க புருஷனுக்கும் சுருட்டைதான் அண்ணி. எங்க குடும்பத்தையே இழுக்காதீங்க."

அரையிறுதியில் கண்ணாடிக்காரி தப்பித்தவறி ஜெயித்தாள். ஜெயித்த கையோடு மோட்டார் புகைந்தது. இறுதிக்கு ஏழு நிமிடம். பக்கத்து மேசையிலிருந்த பல் டாக்டர், அவரும் இறுதியில் ஓட வேண்டியவர், தன் உபரி மோட்டாரை நீட்டினார். அவள் அதன் ஒயர்களை ஈயத்தால் பற்றவைத்தாள். காரைக் கவிழ்த்துப் பிடித்து ரிமோட்டை அழுத்தினாள். சக்கரம் கிர்ரென்று சுழன்றது. போதும் என்று ஓடினாள்.

டாக்டரின் காரில் மோட்டார் திரும்பி உட்காரும். அதனால் அந்த உபரி மோட்டாரிலும் அவர் ஒயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தார். அது இருவருக்குமே உறைக்கவில்லை. கவிழ்ந்த காரில் முன்னும் பின்னும் ஏமாற்றும்.

4

பச்சை விளக்கு. நான்கு கார்கள் முன்னால் பாய்ந்தன. ஐந்தாவது, அவளுடையது, பின்னால் பாய்ந்து சுவரில் மோதியது.

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ரிமோட்டின் பக்கவாட்டிலிருந்த சிறு பொத்தானை நகத்தால் தள்ளினாள். முன் பின்னாயிற்று, பின் முன்னாயிற்று. கார் முன்னால் ஓடியது. ஆனால் முழு வேகத்தில் அல்ல. ரிவர்ஸுக்குக் கார் பாதிப் பலம்தான் தரும், இப்போது அதற்கு முன்னோட்டமே ரிவர்ஸ்.

முப்பது சுற்று. பத்தாவதில் அவள் மூன்று சுற்று பின்தங்கியிருந்தாள். நாத்தனார் காலுறையைக் கடித்துக்கொண்டு நின்றாள். பதினைந்தில் ஒரு கார் வளைவில் பறந்து, அச்சு முறிந்து, ஓட்டம் முடிந்தது. இருபதில் டாக்டரின் பின்டயர் பசை விட்டு நழுவியது. வட்டமடித்தார், நின்றார், நொண்டினார். அவள் ஒரு சுவரையும் தொடவில்லை. வளைவு, நேர், வளைவு. இருபத்தைந்தில் அவளுக்கும் டாக்டருக்கும் ஒரு சுற்றுதான் இடைவெளி. இருவர் ஓடி முடித்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஓர் இடம். இருபத்தெட்டில் டாக்டரின் வாலைப் பிடித்துவிட்டாள்! நான் எண்ணுகிறேன், என் பென்சில் முனை உடைகிறது, நகத்தால் கீறுகிறேன். கடைசி வளைவில் நொண்டிக் காரும் பாதிக் காரும் பக்கம் பக்கமாக.

கோடு.

5

எங்கள் பந்தய மன்றத்தில் எண்ணுகிறவர் சொல்லே கடைசிச் சொல். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டைப் பார்த்தேன்.

டாக்டர்தான் முதலில் வாய் திறந்தார். "அவங்கதான்."

அவள் திரும்பினாள். "நீங்க விட்டுக்கொடுக்க வேண்டாம் டாக்டர். சார், நீங்க சொல்லுங்க. யாரு முதல்ல தொட்டது?"

அப்போதும் நான் பேசவில்லை. அந்த மௌனத்தை இந்தப் பக்கத்தில் அப்படியே வைக்க முடிந்தால் அரைப் பக்கம் வெற்றாக விட வேண்டும்.

உண்மை இது: அந்தக் கணத்தில் நான் கோட்டைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு முகத்தை…

"நான் பாக்கல" என்றேன்.

நாத்தனார் காலுறையை என்மேல் எறிந்தாள். "உங்களுக்குப் பதிலா அங்க ஒரு பூந்தொட்டிய வெச்சிருக்கலாம் சார்."

6

வீட்டில் கணவர் எத்தனாவது என்று கேட்டிருப்பார். அவள் என்ன சொன்னாள்?

(அ) "மூணாவது" என்றாள்.

(ஆ) "நாலாவது" என்றாள். அட்டைப்பெட்டியையும் அவளே எடுத்து வந்தாள்.

(இ) நாத்தனார் முந்திக்கொண்டு…

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நடந்திருக்கலாம். நான் ஒருமுறை தீர்ப்புச் சொல்லத் தவறியவன். இரண்டாம் முறை பொய்யாகச் சொல்ல மாட்டேன். கோட்டருகே இப்போது நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கணவர் மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். மறுமுனை அவளுடையது. நாத்தனார் சொந்தமாகக் கார் வாங்கி மூன்று பந்தயம் தோற்றிருக்கிறாள். டாக்டர் டயர்களை இரண்டு முறை ஒட்டுகிறார். முக்காலியில் வேறொருவர் உட்காருகிறார். நான் சுவரோரமாக நின்று பார்க்கிறேன்.