மதுராவுக்கு இன்னொரு உலகம்

சாம்பவி செத்து இரண்டு வருஷமாகியும் வெள்ளவத்தையில் அவளுக்காகத் துக்கப்படுகிறவர்கள் இருந்தார்கள். சந்தையில் மரக்கறிக்காரர் ஒரு பிடி கறிவேப்பிலையைக் கூடப் போட்டுவிட்டு, "பாவம், வாழவேண்டிய வயசில போயிட்டுது" என்று அவளிடமே சொல்வார். அவளும் தலையை ஆட்டிவிட்டு வருவாள்.

உண்மையில் செத்தது சாம்பவி நடித்த மதுரா. 'அலைக்காவலன்' என்ற தொலைக்காட்சித் தொடரில் கடலுக்கு மேலால் பறந்து கொழும்பைக் காப்பாற்றும் ஆதவனின் மனைவி. ஆதவன் பறக்கப் புறப்படும்போதெல்லாம் வீட்டுச் சாவியையும் போனையும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவான். அவன் திரும்பும்வரை மதுரா அவற்றோடு பல்கனியில் நிற்பாள். நாற்பது அத்தியாயமும் அவளுக்கு அதுதான் வேலை. பிறகு சாம்பவிக்கு வயிறு தெரியத் தொடங்கியது. பெட்டியாலும் தலையணையாலும் மறைத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. துறைமுகத்தில் ஒரு கிரேன் சரிந்து மதுரா போய்ச் சேர்ந்தாள்.

அந்தத் தொடரை எழுதி இயக்குகிற ஜனா ஒருநாள் போன் எடுத்தான்.

"அக்கா, நீங்கள் திரும்பி வாறீங்கள்."

"செத்த ஆள் எப்பிடியடா வாறது?"

"இந்த உலகத்திலதானே செத்தனீங்கள். இன்னொரு உலகம் இருக்கு. இன்னொரு கொழும்பு. அங்க கிரேன் விழுந்தது ஆதவனில. அவன்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு நீங்கள் பறக்கிறீங்கள்!"

சாம்பவிக்குச் சிரிப்பு வந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சமையலறையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். நாற்பது அத்தியாயம் பல்கனியில் நின்றவள் பறக்கப் போகிறாள்.

ஜனா அனுப்பிய வசனத்தைப் படித்தபோதுதான் முகம் சுருங்கியது. இந்த மதுரா கொடியவள். கறுப்பு உடுப்பு, கறுப்பு உதட்டுச்சாயம். ஆதவனைக் கொன்று அவனுடைய கொழும்பைப் பிடிக்க வந்திருக்கிறாள்.

உடுப்பு அளவெடுக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். அங்கே வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, தொடருக்கு உடுப்புத் தைப்பவள் ஹபீலா. சாம்பவியைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள்.

"கறுப்புத் துணிதான் தந்தீக்கிறாங்க. எனக்குப் புடிக்கவே இல்ல" என்றாள்.

"எனக்கும்தான். ஹபீலா, ஒண்டு கேக்கட்டா? இவள் தனிய இருக்கிறவள். பறக்கேக்க சாவியையும் போனையும் ஆரிட்டக் குடுப்பாள்?"

ஹபீலா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி யோசித்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். "அல்லாஹ்வே! இவக்குப் பொக்கட் வெக்கோணும்!"

இரண்டு பேருமாகச் சேர்ந்து நான்கு பொக்கற் வைத்தார்கள். கறுப்புத் துணி அலுமாரிக்குப் போனது. ஆதவனின் உடுப்புக்கு வாங்கியதில் மிஞ்சிய நீலம் மேசைக்கு வந்தது. ஜனாவிடம் சொல்வதை இருவருமே மற்றவர் செய்வார் என்று விட்டுவிட்டார்கள்.

படப்பிடிப்பு வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், காலை வெயிலில். சனம் பாறைகளில் ஏறி நின்று பார்த்தது. சாம்பவியின் மேல்வீட்டு சரோஜினிதேவி, வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், குடையோடு முன்வரிசையில் நின்றார். மதுரா செத்த கிழமை முழுக்க அவர் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கவில்லை.

நீல உடுப்பைக் கண்டு ஜனா நெற்றியில் அடித்துக்கொண்டான். மாற்ற நேரமில்லை. சாம்பவியை இடுப்பில் கம்பி கட்டித் தூக்கினார்கள். அடுத்த கணம் கடலும் பாறையும் சனமும் காலுக்குக் கீழே போக, அவள் தன்னையறியாமல் கூவினாள். பிறகு, ஆதவனாக நடிக்கும் ஹரிசனுக்கு முன்னால் வந்து இறங்கி, எழுதியபடியே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"உன் உலகம் இனி என்னுடையது!"

"அவள் அப்பிடிக் கதைக்க மாட்டாள்!" என்று கூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. சரோஜினிதேவி குடையை ஆட்டிக்கொண்டு கமராவுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். "எங்கட மதுரா எந்த உலகத்தில இருந்தாலும் ஆக்களை வெருட்ட மாட்டாள், தம்பி. என்ன எழுதி வைச்சிருக்கிறீர்?"

சனம் கைதட்டியது.

"அன்ரி, மற்ற உலகத்தில இருந்து வாற ஆள் எதிர்மாறாத்தானே இருக்கோணும்?" என்றான் ஜனா, அழாத குறையாக.

"ஏன் இருக்கோணும்?" என்றாள் சாம்பவி. "அங்க அவளுக்கு மனுசன் செத்து ரெண்டு வருஷம், ஜனா. கதவைத் திறந்துகொண்டு வந்து பார்த்தா, ஆள் உயிரோட நிக்குது. அடிக்கக் கை வருமோ?"

ஜனா ஹரிசனைப் பார்த்தான். ஹரிசன் தோளைக் குலுக்கினான். "ஒருக்கா விட்டுப் பார், மச்சான்."

மறுபடியும் தூக்கினார்கள். மறுபடியும் இறங்கினாள். இந்த முறை அவள் பல்லைக் கடிக்கவில்லை. ஈரத் தலையோடு நின்ற ஹரிசனை, கிட்டப் போனால் மறைந்துவிடுவானோ என்பதுபோலத் தூரத்தில் நின்று பார்த்தாள். மெல்லப் போய் ஒரு விரலால் அவன் தோளைத் தொட்டாள். தோள் அங்கேயே இருந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அது நடிப்பா இல்லையா என்று பிறகு கேட்டவர்களுக்கு அவளால் சொல்லத் தெரியவில்லை.

ஹரிசனுக்கு வசனம் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், நாற்பது அத்தியாயப் பழக்கத்தில், வேடத்துக்கென்று கையில் வைத்திருந்த சாவியை அவளிடம் நீட்டினான்.

சாம்பவி சாவியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். தன் பொக்கற்றுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள்.

"உங்கட சாவியை நீங்களே வைச்சிருங்கோ. நானும் பறக்கோணும்."

பாறைகளில் விசில் பறந்தது. அந்த நேரம் பார்த்துக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் பக்கம் போன ரயிலின் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவர்களும், என்ன ஏதென்று தெரியாமலே கைகாட்டிக் கத்தினார்கள். 'கட்' சொல்ல வேண்டிய ஜனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான்.

"அக்கா," என்றான் கடைசியில், "அப்ப எனக்கு வில்லி?"

"வேற ஆளைப் பார்."

அந்தக் காட்சி ஒளிபரப்பான அடுத்த நாள், சந்தையில் மரக்கறிக்காரர் அவளைக் கண்டதும் கடையை விட்டு எழுந்து வந்தார். கறிவேப்பிலை தரவில்லை. "இனி உங்களுக்கு என்ன குறை?" என்று சிரித்தார். வெவ்வேறு உலகத்து ஆதவனும் மதுராவும் சேர்ந்து பறக்கிற தொடரைப் பார்க்க, முன்பு பார்க்காதவர்களும் உட்கார்ந்தார்கள்.

ஜனாவுக்குத் துணிவு வந்து மூன்றாவது உலகமொன்றையும் திறந்தான். அங்கே மதுராவுக்கு வயது அறுபத்தெட்டு. அந்த வேடத்துக்கு யாரைப் பிடிக்கலாம் என்று அவன் யோசித்து முடிக்குமுன், சரோஜினிதேவி ஹபீலாவிடம் அளவு கொடுத்துவிட்டார்.

அவரைத் தூக்கிய அன்று காற்று பலமாக இருந்தது. பயந்துவிடுவார் என்று கீழே சாம்பவி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஜனா 'கட்' சொல்லியும் ஆள் இறங்கவில்லை. கம்பி பிடித்திருந்த சிங்களப் பையனைப் பார்த்து மேலேயிருந்து சத்தம் வந்தது:

"தவ டிக்கக், மல்லி! இன்னும் கொஞ்சம், தம்பி! கொஞ்சம் உயர்த்திவிடு!"