குளவிக்குக் கட்டிய பிரீமியம்

என் காருக்குப் பத்தொன்பது வயது. ஒருமுறை கழுவ ஆரம்பித்து, அழுக்கு முழுக்கப் போய்விட்டால் கதவு நிற்குமோ நிற்காதோ என்று பயந்து பாதியில் விட்டுவிட்டேன். வேகமாகப் போகிற பழக்கம் அதற்கு இல்லை. ஒருநாள் ஒரு நத்தை எங்களை முந்திக்கொண்டு போனது. போகும்போது திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டு வேறு போனது. அப்படிப்பட்ட வண்டிக்கு இந்த வருடம் இன்சூரன்ஸ் பிரீமியம் ஒன்றரை மடங்கு என்று கடிதம் வந்தபோது, யாருடைய விமானத்தையோ என் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

காரணம் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய விபத்தில் வண்டியை ஓட்டியவரின் ஆவணங்கள் இதுவரை வந்து சேரவில்லையாம்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிணைத்திருந்தார்கள்; எழுந்தால் பக்கத்து ஆளும் ஆடுவார். என் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாள் பாலிசி எண்ணைத் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, அது நீங்கதானா?"

"எது?"

"குளவி!"

தேடவே இல்லை, மேஜை இழுப்பறையிலேயே இருந்தது ஃபைல். "எங்க ஆஃபீஸ்ல புதுசா யார் சேர்ந்தாலும் இத ஒரு தடவ படிக்கக் குடுப்போம்" என்றார். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து எனக்கு வணக்கம் வைத்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

என் கையெழுத்தில் விண்ணப்பம். வண்டியை ஓட்டியவர்: என் தம்பி, முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். விபத்தின் காரணம்: குளவி. அதற்குக் கீழே கொடுத்திருந்த இரண்டு வரி இடம் போதாமல் பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். ஜன்னல் வழியாக ஒரு குளவி வந்ததும் என் தம்பி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியதாகவும், கார் தானாகப் போய் விளக்குக் கம்பத்தில் முட்டியதாகவும், குளவி இறங்கிச் சேதத்தைப் பார்வையிட்டுவிட்டுப் போனதாகவும்.

"கதை பிரமாதம். ஆனா ஓட்டினவர் கையெழுத்து இல்ல, லைசென்ஸ் காப்பி இல்ல. அவர் அட்ரசுக்கு நாலு லெட்டர் போட்டாச்சு, பதிலே காணோம். நாங்களும் கண்டுக்காம இருந்தோம், இந்த வருஷம் தணிக்கையில பிடிச்சிட்டாங்க. அவர ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கய்யா. பழைய பிரீமியமே போதும்."

நடந்தது என்னவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை ஓட்டியது நான். தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் லேசில் சிரிக்காதவன். நான் ஒரு கதை சொல்லிக்கொண்டு வந்தேன். முடிகிற இடத்தில், சிரிக்கிறானா என்று அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். "அண்ணா, ரோட்டப் பாரு" என்றான். அதற்குள் பல் மருத்துவர் வாசலில் இருந்த விளக்குக் கம்பம் வந்துவிட்டது. என் லைசென்ஸ் காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. "நீ ஓட்டினதா எழுதிக்கட்டுமாடா?" என்று கேட்டேன். உடைந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தவன், "எழுதிக்க" என்றான்.

அதோடு விட்டிருந்தால் சரி. அந்தக் குளவிக் கதையைச் சலூனில் சொன்னேன். சிரித்தார்கள். மறுவாரமும் சொன்னேன். குளவி முதலில் குளவியாகத்தான் இருந்தது, பிறகு குருவி அளவுக்கு வளர்ந்தது. சில மாதத்தில் தெருவே என் தம்பியைக் குளவி என்று கூப்பிட ஆரம்பித்தது.

அலுவலகத்திலிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கீழே பஸ் திரும்புகிற முனை. அவன் எட்டிப் பார்ப்பதில்லை, காதாலேயே பார்ப்பான்.

"தேர்டு கியர்ல வர்றான் பாரு. இங்க செகண்டு போடணும்" என்றான் என்னைப் பார்த்ததும்.

விஷயத்தைச் சொன்னேன். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தான். நான்கு கடிதங்களும் தேதி வரிசையில் இருந்தன. படிவத்தை முத்து முத்தாக நிரப்பி, லைசென்ஸ் நகலையும் பின் செய்து வைத்திருந்தான். கையெழுத்து இடம் மட்டும் காலி.

"ஏன்டா, எல்லாம் ரெடியா இருக்கு. போட்டு அனுப்புறதுக்கு என்ன?"

"போட்டா நான் ஓட்டினேன்னு ஆயிடும். நான் ஓட்டல. ஓட்டலேன்னு எழுதினா நீ மாட்டிக்குவ. அதான் அப்படியே வெச்சிட்டேன்."

"அன்னிக்கு எழுதிக்கன்னு சொன்னியே?"

"ஒரு நாள் கூத்துன்னு நெனச்சேன். நீ மூணு வருஷமா ஓட்டுவேன்னு கண்டேனா?"

உள்ளேயிருந்து அவன் மனைவி வந்தாள். "ஸ்கூல் வேன் விஷயத்தையும் சொல்லுங்களேன்."

"அது எதுக்கு இப்ப?"

"மாமாவும் தெரிஞ்சுக்கட்டுமே. ரிட்டையர் ஆனதும் இவருக்கு ஸ்கூல் வேன் ஓட்டுற வேல கிடைச்சது மாமா. சாவியக் கையில குடுத்துட்டாங்க. ரெண்டே நாள். அந்த ஸ்கூல் பொறுப்பாளர் சலூன்ல என்னத்தையோ கேட்டுட்டு வந்திருக்கார். குளவியப் பாத்து ஸ்டியரிங்க விடுறவர நம்பிப் புள்ளைங்கள எப்படி ஏத்துறதுன்னு சாவியத் திருப்பி வாங்கிட்டாங்க. இவர் வாயத் திறக்கல. திறந்தா உங்களச் சொல்லணுமே."

அந்த ஆள் எனக்கு ஞாபகம் வந்தார். முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தவர். வேறு யாரையும்விட அதிகமாகச் சிரித்தவர். அன்று அவருக்காகவே குளவியைக் காகம் அளவுக்குப் பெரிதாக்கினேன்.

தம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "பேனா குடுண்ணா. இனிமே எனக்கு ஆக்சிடென்ட் இல்லாத ரெக்கார்டு எதுக்கு? வண்டியா ஓட்டப்போறேன்? போட்டுடறேன், உன் பணமாவது மிச்சம்."

என் பேனாவை வாங்கி, படிவத்தைத் தொடையில் வைத்துக் குனிந்தான். நான் படிவத்தை உருவிக்கொண்டேன்.

"என்னண்ணா?"

"அந்தப் பேனா எழுதாது."

அன்று காலையில் வாங்கிய பேனா.

மறுநாள் அதிகாரி அம்மாளிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். வண்டியை ஓட்டியது நான். லைசென்ஸ் காலாவதியாகியிருந்தது. சாலையைப் பார்க்கவில்லை. மூன்றே வாக்கியம். அவர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"நடந்தது இவ்வளவுதாம்மா."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஐயா, இத உள்ள சேத்தா, அன்னிக்கு வாங்கின நஷ்ட ஈட்டைத் திருப்பிக் கட்டணும். பிரீமியம் ரெண்டு மடங்குக்கு மேல ஏறும். கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னா வம்ப வாங்கிட்டு வர்றீங்களே. கிழிச்சுப் போட்டுடவா?"

"வேண்டாம். ஓட்டினது தம்பி இல்ல, நான்தான்னு சீல் வெச்சு ஒரு காகிதம் கிடைக்குமா?"

"நோட்டீஸ்லயே வரும். பிரீமியத்த ஏத்தச் சொல்லி அவசரப்படுற முதல் ஆள் நீங்கதான்."

ஒன்பது நாளில் வந்தது. ஏறியிருந்த தொகைக்கு என் காரைப் போல இன்னொன்று வாங்கலாம். அதன் கீழே நான் கேட்ட வரி இருந்தது: விபத்தின்போது வாகனத்தை ஓட்டியவர் பாலிசிதாரர். நீல சீல், கையொப்பம்.

அதை எடுத்துக்கொண்டு முதலில் பள்ளிக்குப் போனேன். அந்தப் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. வேனை ஓர் இளைஞன் ஓட்டிக்கொண்டிருந்தான். வாசலில் நின்று பார்த்தேன். குறை சொல்ல முடியாது, வளைவில் செகண்டு கியரில்தான் திரும்பினான்.

அங்கிருந்து சலூனுக்கு வந்தேன். சனிக்கிழமை, பெஞ்ச் நிறைய ஆட்கள். நோட்டீஸை முடிதிருத்துபவரிடம் நீட்டி, "சத்தமாப் படிப்பா" என்றேன். கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, செய்தி வாசிப்பது போல முழுதும் படித்தார். பிறகு தாளை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"பெரியவரே, சீல எங்க செஞ்சீங்க? அசல் மாதிரியே இருக்கு!"

பெஞ்ச் குலுங்கியது.

"நெசமாப்பா. ஓட்டினது நான்தான்" என்றேன்.

"தம்பி மேல என்ன பாசம் பாரு மனுஷனுக்கு!" என்றார் ஒருவர். "பத்திரம் அடிக்கிற அளவுக்குப் போயிட்டார்" என்றார் இன்னொருவர்.

"குளவின்னு ஒண்ணு வரவே இல்லப்பா."

அதற்கு முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிதிருத்துபவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "சரி, வரல. அப்ப கம்பத்துல எப்படிப் போய் முட்டினீங்க? அதச் சொல்லுங்க கேப்போம்."

யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். நான் வாயைத் திறந்தேன். எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.