கப்டன் மிராண்டாவைக் கொன்ற பரம்பரை

கிறிஸ்தோப்பர் மிராண்டாவை ஆண்டவர் அடிக்கத் தொடங்கியது அவர் மொன்றியலுக்கு வந்த முதல் பனி மாரியிலேயே. செயின்ட்-மிஷேலில் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து கதவளவு பனிக்கட்டி கழன்று அவருடைய தலையில் விழுந்தது. தலை பிழைத்தது, பனிக்கட்டிதான் பொடியாகிப் போனது. அடுத்த வருடம் மெற்றோவின் எஸ்கலேற்றர் அவருடைய சப்பாத்தைச் சின்னவிரலோடு சேர்த்து விழுங்கி, சப்பாத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தது. இன்னொரு மாரியில், பறந்துகொண்டிருக்கும்போதே உறைந்துபோன புறா ஒன்று கல்லாக வந்து அவருடைய முன்பல்லைப் பெயர்த்தது. பங்கு மக்கள் இதையெல்லாம் தற்செயல் என்றார்கள். ஆண்டவர் குறி பார்த்து எறிகிறார் என்பது கிறிஸ்தோப்பருக்குத் தெரியும்.

காரணம் தீர்க்காத ஒரு நேர்த்திக்கடன். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகில் தப்பியபோது நடுக்கடலில் ஹெலிகொப்ரர் வந்து சுட்டது. முதல் சுற்றிலேயே படகோட்டியின் தலை போயிற்று. தலை போன பிறகும் அவனுடைய கை சுக்கானை விடவில்லை. படகு நேராகவே ஓடியது. குழந்தை டினோஜனைத் தன் நெஞ்சுக்குக் கீழே அமுக்கிக்கொண்டு கிறிஸ்தோப்பர் குப்புறக் கிடந்தார். கண்ணுக்கு நேரே, எஞ்சின் பெட்டியில், படகோட்டி ஒட்டி வைத்திருந்த படம். முள்முடி, கட்டிய கைகள், தோளில் சிவப்புப் போர்வை, முகமெல்லாம் இரத்தம். அதில் எது வரைந்த இரத்தம், எது படகோட்டியுடையது என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. "பிள்ளையை உயிரோட விடும், உம்மட இந்தக் கோலத்தை நான் என்ர தோளில தூக்குவன்" என்று நேர்ந்தார். படகில் வந்தவர்களில் பாதிப்பேர் கரை சேரவில்லை. டினோஜன் சேர்ந்தான், காதில் ஒரு கீறலோடு.

மொன்றியல் தமிழர்கள் மாதாவைத் தூக்குவார்கள், அந்தோனியாரைத் தூக்குவார்கள். சிவப்புப் போர்வை போட்ட ஆண்டவரைக் தண்டு பூட்டிய மரக்கூட்டில் வைத்துத் தெருவில் தூக்குபவர்கள் போர்த்துக்கீசர் மட்டும்தான். ஒவ்வொரு மே மாதமும் தூக்குவார்கள். இதை அறிந்தபின் கிறிஸ்தோப்பர் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, சென்-லோரான் வீதியில் தவாரெஷ் என்ற போர்த்துக்கீசக் கிழவரின் கோழி வாட்டும் கடையில் சேர்ந்தார். கோழியைக் குப்புறப் போட்டு, பெரிய கத்தரிக்கோலால் முதுகெலும்பு நீளத்துக்கு வெட்டி, நெஞ்சு முறிய விரித்துக் கொடுப்பது அவருடைய வேலை. கூடு தூக்கும் சகோதரர் சங்கத்துக்குத் தவாரெஷ்தான் தலைவர். கிறிஸ்தோப்பர் வருடா வருடம் கேட்டார். தவாரெஷ் வருடா வருடம் சிரித்தார்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு பெப்ரவரியில், பனி தள்ளும் வாகனம் ஒன்று பதினைந்து வயது டினோஜனைத் தள்ளிக்கொண்டு போய் தெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடையின் கண்ணாடிக்குள் விட்டது. கால் எலும்பு வெளியே வந்து எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் மகனின் தலைமாட்டில் நின்றபோது கிறிஸ்தோப்பருக்கு விளங்கிவிட்டது. ஆண்டவர் தகப்பனை விட்டுவிட்டு மகனிடம் போய்விட்டார். வருகிற மே மாதம் தூக்கியே ஆகவேண்டும்.

"போர்த்துக்கீச இரத்தம் இல்லாதவன் அந்தத் தண்டைத் தொட முடியாது" என்றார் தவாரெஷ், தான் பிறந்த போர்த்துக்கீசத் தீவின் வாடை வீசுகிற பிரெஞ்சில்.

கிறிஸ்தோப்பர் தன் பெயர் மிராண்டா என்பதை நினைவூட்டினார். தவாரெஷ் அதற்கும் அசையவில்லை. ஞானஸ்நானத் தண்ணீரோடு சேர்த்து அந்தக் காலத்தில் எல்லோருடைய தலையிலும் பெயரை ஊற்றினார்கள், அதனால் என்ன, என் நாய்க்குக்கூட ரொட்ரிகோ என்றுதான் பெயர் என்றார். ஆனால் டினோஜனின் காலைப் பற்றி அவருக்கும் தெரியும். கொஞ்சம் இறங்கிவந்து, கப்பலேறி வந்த உன் மூதாதை யார், எங்கே இறங்கினான், என்ன செய்தான் என்பதை விசாரித்துக்கொண்டு வந்து சங்கக் கூட்டத்தில் சொல், பிறகு பார்க்கலாம் என்றார்.

கிறிஸ்தோப்பர் விசாரிக்கத் தொடங்கினார். சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் எடுத்தார். கப்டன் மிராண்டா என்று ஒருவன் இருந்தான் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஒருவர், அவன் முத்துக் குளிப்பவர்களைக் காலில் கல்லைக் கட்டி இறக்கிவிட்டுக் கயிற்றை மட்டும் மேலே இழுப்பான் என்றார். ரொறன்ரோவிலிருந்த இன்னொருவர், அவன் காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒருவனையாவது வெட்டாவிட்டால் அவனுக்குச் செமிக்காது என்றார். இரண்டாவது கிழமை முடிவதற்குள் கப்டன் கொன்றவர்களின் தொகை மன்னார்த் தீவின் சனத்தொகையைத் தாண்டிவிட்டது. ஆனால் அவன் எந்தப் பெண்ணுக்குப் பிள்ளை கொடுத்தான் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. மொன்றியலின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் இருக்கிற யோகராணி மாமியைக் கேள் என்றார்கள்.

கிறிஸ்தோப்பர் ரயிலேறி ரொக்ஸ்பரோவுக்குப் போனார். மாமி கராஜுக்குள் பலகை போட்டு உட்கார்ந்து, நண்டுகளைக் கத்தியின் பின்பக்கத்தால் அடித்து உடைத்துக்கொண்டிருந்தார். வெடுக்கு மணம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது மருமகளின் சட்டம். மாமி அடியை நிறுத்தாமலே கதையைச் சொன்னார்.

கப்டனும் விசா இல்லாமல் படகில் வந்தவன்தான். ஆனால் கிறிஸ்தோப்பரைப்போல அகதி விசாரணைக்குக் காத்துக்கிடக்கவில்லை. இறங்கிய அன்று காலையே தானே விசாரணையை நடத்தினான். முத்தை ஒளித்தவர்கள் என்று அவனுக்குப் பட்டவர்களின் வலக்கையை வெட்டினான். அதிலிருந்து முத்து விழாதபோது இடக்கையையும் வெட்டிப் பார்த்தான். வெயில் ஏறப் பசி வந்தது. ஊரில் நன்றாகச் சமைக்கிற வீடு எது என்று கேட்டு, சூசானாள் என்பவளின் வாசலுக்குப் போனான். மறித்த புருசனை அந்த இடத்திலேயே குத்திச் சாய்த்து, அவன் மேலேயே மிதித்து உள்ளே போய், பாயில் உட்கார்ந்து, சாப்பாடு கொண்டுவா என்றான்.

சூசானாள் அழவில்லை. நண்டுக்கறி வைத்தாள். கப்டன் இரண்டு கையாலும் நண்டுக்காலைப் பிடித்துப் பல்லுக்குள் கொடுத்துக் குனிந்தபோது, பின்னால் நின்று உலக்கையை இறக்கினாள். முதல் அடிக்குக் கப்டன், வாசலில் யாரோ தட்டுகிறார்கள், போய்ப் பார் என்றான். இரண்டாவது அடிக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். மூன்றாவது அடியில் மண்டை இரண்டாகப் பிளந்தது. அப்படியே எழும்பி, வாளை உருவி, அவள் என்று நினைத்து முற்றத்து முருங்கையைத் துண்டு துண்டாக வெட்டினான். பிறகு பிளந்த மண்டையோடு கோவிலுக்கு நடந்துபோய், முழுப் பூசையும் கண்டு, கடைசி ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டுதான் விழுந்தான். இதைவிட நல்ல மரணம் ஒரு கிறிஸ்தவனுக்குக் கிடையாது என்று சுவாமியார் சொன்னாராம்.

"அப்ப மாமி, அவனுக்கும் சூசானாளுக்கும் பிள்ளை...?"

"எப்ப மோனை? வந்தது மத்தியானம். கறியோட ஆள் சரி."

"அப்ப எங்கட குடும்பத்தில போர்த்துக்கீச இரத்தமே இல்லையோ?"

"ஆர் சொன்னது? அடுப்படி முழுக்க இருந்ததாம். கழுவி மாளேல்லையாம்."

பெயர் எப்படி வந்தது என்பதையும் மாமி சொன்னார். செத்த புருசனுக்குப் பெற்ற பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு சூசானாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கப்டன் கட்டாதவன், பிள்ளையில்லாதவன். நீ கொன்றவனின் பெயர் உன்னாலே அழியக்கூடாது, உன் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் அதைச் சுமக்கட்டும், கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் அந்தக் கொலை ஞாபகம் வரட்டும் என்று சுவாமியார் அபராதம் போட்டுவிட்டார். அன்றிலிருந்து இவர்கள் மிராண்டா.

வீட்டுக்கு வந்து மனைவி அக்னெஸிடம் சொன்னபோது, ஒரு கப்டன் பிள்ளையை இட்டுக்கட்டிச் சொன்னால் என்ன என்றும் மெல்லக் கேட்டுப் பார்த்தார். அக்னெஸ் டினோஜனின் கால் கட்டைக் காட்டினாள்.

"பொய் சொல்லித் தூக்குங்கோ. அடுத்தமுறை காலோட நிக்காது" என்றாள்.

ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்வது என்று தீர்மானமாயிற்று.

சங்கக் கூட்டம் கடையின் பின்னறையில், சனிக்கிழமை மத்தியானம், கோழியும் வைனுமாக நடந்தது. தூக்குகிறவர்கள் இரண்டு ஊர்க்காரர். ஒரு பாதி வால் தெ கப்ரா, தவாரெஷின் ஊர். மறு பாதி பெத்ரா நெக்ரா. அவர்களுக்குப் பெரியவர் மெதெய்ரோஷ், சீமெந்து வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், கை ஒவ்வொன்றும் சீமெந்து அள்ளுகிற சவள் அளவு. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சின்ன ஓடை. அந்த ஓடைத் தண்ணீருக்காக நானூறு வருடமாக வெட்டிக் குத்திக்கொண்டிருந்தவர்கள், கனடாவுக்கு வரும்போது ஓடையை விட்டுவிட்டுச் சண்டையை மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

கிறிஸ்தோப்பர் எழுந்து நின்று சொன்னார். வெட்டிய கைகள், மிதித்த புருசன், உலக்கை, பிளந்த மண்டை, பூசை, அபராதம் எல்லாவற்றையும் தன்னுடைய கடைப் பிரெஞ்சில் ஒன்றும் குறையாமல் சொன்னார். கிழவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கதை பிடித்துப்போயிற்று என்று தெரிந்தது. தவாரெஷின் கண்கூடக் கலங்கியிருந்தது. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கப்டன் எந்த ஊர்?"

தமிழர்களிடத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு வேலைதான் உண்டு. கேட்கிறவனுடைய ஊரோ அயலூரோ வாயில் வந்துவிட்டால் கதவு திறக்கும், கதிரை வரும், தேத்தண்ணி வரும். கிறிஸ்தோப்பர் இந்தக் கேள்வியில் ஒருநாளும் தோற்றதில்லை. மாமி ஊரைச் சொல்லவில்லை என்பதும், அக்னெஸ் எச்சரித்ததும், இந்தக் கதையில் யார் யாரைக் கொன்றது என்பதும் அந்த ஒரு கணம் அவருக்கு மறந்துபோயின.

"உங்கட ஊர்தான், முதலாளி. வால் தெ கப்ரா" என்றார், சிரித்துக்கொண்டு.

அடுப்பில் கரி வெடித்தது. மெதெய்ரோஷ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பெண்பிள்ளையா அடித்தாள்?" என்று கேட்டார்.

"ஓம்."

"உலக்கையால்?"

"ஓம்."

மெதெய்ரோஷ் தன் ஊர்க்காரர் பக்கம் திரும்பினார். "வால் தெ கப்ராக்காரன் போருக்குப் போனால் அப்படித்தான் சாவான். வாயில் நண்டுக்காலோடு."

தவாரெஷ் அடுப்பிலிருந்த இரும்பு வலையைக் கோழிகளோடு தூக்கி மெதெய்ரோஷின் முகத்தில் அறைந்தார். அன்றைக்கு அந்தக் கிழவரின் கன்னத்தில் பதிந்த சதுரங்களை இப்போதும் எண்ணலாம் என்று சொல்கிறார்கள். மெதெய்ரோஷ் பதிலுக்கு ஒரே ஒரு குத்துத்தான் விட்டார். தவாரெஷின் மூக்கு இடம் மாறிக் காதுப்பக்கம் போய் நின்றது. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தது என்று சொல்வது கடினம். ஒருவர் கதிரைக்காலால் இன்னொருவரின் முழங்காலைப் பின்பக்கம் மடித்தார். மடிந்தவர் கீழே கிடந்தபடியே அடித்தவரின் கணுக்காலைக் கடித்து, பல் எலும்பில் சிக்கி, இருவரும் பிரிய முடியாமல் அறை முழுக்க உருண்டார்கள். ஒரு காது வெங்காயத்தட்டில் விழுந்தது. தணல் சிதறி ஒருவரின் காற்சட்டை எரிய, அணைக்கிறேன் என்று ஊற்றப்பட்டது பிராந்தி.

கிறிஸ்தோப்பர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடுவில் புகுந்து விலக்கப் பார்த்தார். யாருக்கோ ஓங்கிய வார்ப்பு இரும்புச் சட்டி அவருடைய இடத்தோளில் இறங்கியது. காறையெலும்பு தெறித்த சத்தத்தில் சண்டையே ஒரு நிமிடம் நின்று, என்ன உடைந்தது என்று பார்த்துவிட்டுத் தொடர்ந்தது.

ஓய்ந்தபோது, எழுந்து நிற்கக்கூடியவர்கள் பாதிப்பேர்தான். மெதெய்ரோஷ் ஒலிவ்காய்த் தட்டில் தன் பல்லைத் தேடினார். அகப்பட்ட மூன்றில் ஒன்றும் அவருடையதில்லை. ஒன்று முந்தின வருடக் கூட்டத்தில் விழுந்தது. தவாரெஷ் உறைந்த கோழியொன்றை மூக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் பேசியவர் மெதெய்ரோஷ். நானூறு வருடமாக எங்கள் ஆட்கள் செய்ய முயன்றதை இவனுடைய வீட்டுப் பெண் ஒரு மத்தியானத்தில் செய்து முடித்திருக்கிறாள், இரத்தமாவது மண்ணாவது, இவன் எங்கள் ஆள், எங்கள் பக்கத்தில் தூக்கட்டும் என்றார்.

தவாரெஷ் கோழியை மூக்கிலிருந்து எடுத்தார்.

"செத்தது எங்கள் ஆள்" என்றார். "இவன் சுமக்கிற பெயர் எங்கள் ஊர்ப் பெயர். அபராதம் எங்களுக்குச் சேரவேண்டியது. அந்தத் தோள் எங்கள் பக்கத் தண்டுக்குக் கீழேதான் நிற்கும்."

அவரை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் இன்னொரு சண்டை எழும்பப் பார்த்தது. அடிக்கக் கை மிஞ்சியிருந்தவர்கள் குறைவு என்பதால் தவாரெஷே வென்றார். முன்வரிசையில், பாரம் அதிகம் இறங்குகிற மூலையை அவருக்குக் கொடுத்தார். அந்த மூலையில் தண்டு இடத்தோளில்தான் வரும்.

மே மாதத்து ஞாயிறு வந்தது. எலும்பு இன்னும் பொருந்தவில்லை. தூக்காதே என்று டாக்குத்தர் சொன்னார். கிறிஸ்தோப்பர் அவருக்கு மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுக் கட்டை அவிழ்த்தார். சிவப்பு மேலங்கியைப் போட்டுக்கொண்டு தண்டுக்குக் கீழே தோளைக் கொடுத்தார். கூடு எழும்பியது. மேலே, சுரூபத்தின் முகத்தில் இரத்தம் படகிலிருந்த படத்தைப்போலவே வழிந்திருந்தது. கீழே எல்லோருடைய முகமும் தையல் போட்டும் கட்டுப்போட்டும் அதற்கு ஒத்ததாக இருந்ததால், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இந்த வருடம் பக்தி கூடுதல் என்றார்கள்.

தெரு ஏற்றம் எடுக்கிற இடத்தில் எலும்பு முழுதாகவே முறிந்தது. முறிந்த நுனி தோலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கிறிஸ்தோப்பர் கீழுதட்டைக் கடித்தார். பல் உதட்டைத் தாண்டி மறுபக்கம் வந்தது. தண்டை இறக்கவில்லை. நடைபாதையில் டினோஜன் ஊன்றுகோலோடு கூடவே வந்தான். ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் கிறிஸ்தோப்பர் கூட்டைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தார். மகன் மேல் ஒன்றும் விழவில்லை, ஒன்றும் மோதவில்லை. கோவில் வாசலில் கூட்டை இறக்கினார்கள். ஊரைப் பற்றிச் சொன்ன பொய்யை நீர் என் கணக்கிலேயே வைத்துக்கொள்ளும், பிள்ளையை விட்டுவிடும் என்று ஆண்டவரிடம் சொன்னார். ஆண்டவர் ஒன்றும் எறியவில்லை.

அப்போது தவாரெஷ் வந்தார். மூக்கில் பிளாஸ்டர், கையில் கூட்டுக்கு முட்டுக்கொடுக்கிற இரும்புக் கவர்த்தடி. நன்றாகத் தூக்கினாய் என்றார். ஆனால் சுவாமியார் போட்ட அபராதம் ஒரு ஆளோடு முடிகிறதல்ல, பிள்ளைகளுக்கும் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் என்று நீதானே சொன்னாய், அடுத்த மே மாதம் உன் மகனும் தூக்கட்டும் என்றார். பிறகு டினோஜனிடம் போய்த் தன் தோளிலிருந்து உள்ளங்கையை மட்டமாக நீட்டி அவனுடைய தோளுக்குச் சரிபார்த்தார்.

நான் தூக்கமாட்டேன் என்று டினோஜன் பிரெஞ்சில் சொன்னான்.

கிறிஸ்தோப்பர் வாயைத் திறந்தார். கப்டன் வால் தெ கப்ராக்காரன் இல்லை என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். தவாரெஷின் கையிலிருந்த கவர்த்தடியைப் பார்த்தார். அதற்கு அப்பால், சவள் போன்ற கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற மெதெய்ரோஷைப் பார்த்தார். அதற்கும் மேலே, இன்னும் கூட்டுக்குள்ளேயே இருந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்தார். வாயை மூடினார்.

"தம்பி, ஊன்றுகோலை விட்டிட்டு நேரா நில்" என்றார் மகனிடம். "அவர் அளக்கட்டும்."