பன்னிரண்டாவது டப்பா

லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பே கடைவீதியில் சுதாவின் கடைக்கு மேலே ஒரு இரும்புச் சட்டம் ஆறு வருஷமாகத் தொங்குகிறது. போர்டு கிடையாது, வெறும் சட்டம். “பேரே இல்லாத கடைக்கு எதுக்கும்மா ஃப்ரேமு?” என்று கேட்காத ஆள் ஹட் பேயில் இல்லை. பழைய லேப்டாப்பைச் சரிபண்ணி விற்கிற கடை என்று எழுதி மாட்ட அவளுக்கு மனசு வரவில்லை. புது லேப்டாப் டீலர் என்று எழுதப்போகும் நாளுக்காகவே அந்தச் சட்டம் மழையில் துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த நாள் ஒருவழியாக வந்தது. வேகா கம்பெனி தன் ஒன்பதாம் தலைமுறை லேப்டாப்பை வருகிற சனிக்கிழமை நாடு முழுக்க வெளியிடப் போவதாக அறிவித்தது. ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு நாள் முழுக்க நிற்குமாம். மணிக்கு மணி கரண்ட் போகிற தீவுக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? கூடவே கம்பெனி கடைக்காரர்களுக்கு ஒரு போட்டியும் வைத்தது. அன்று காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள், முன்பதிவு செய்த பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு லேப்டாப்பை வீடியோவில் காட்டித் திறந்து ஓடவிட வேண்டும். செய்கிற கடைக்கு டீலர் உரிமை. ஒன்று குறைந்தாலும் கிடையாது.

பன்னிரண்டு பேரை இரண்டே நாளில் பிடித்துவிட்டாள் சுதா. சரக்குதான் சென்னையில் மாட்டிக்கொண்டது. பேட்டரி வைத்த பார்சலை விமானத்தில் அனுப்ப முடியாது என்று கூரியர்காரர் கையை விரித்துவிட்டார். கப்பலில் போடலாம் என்றால், கடல் கொந்தளிப்பால் சென்னைக் கப்பல் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.

போர்ட் பிளேரில் பெரிய லேப்டாப் கடை வைத்திருக்கும் ரவிசங்கர் போன் பண்ணிச் சிரித்தார்.

“சுதாம்மா, எனக்கே அடுத்த மாசந்தான் வரும்ங்கிறான். ஹட் பேவுக்கு வந்து சேர்றதுக்குள்ள பத்தாவது தலைமுறையே வந்துரும். ஆராமா இரு.”

போனை வைத்த சுதாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. ஆராமா, நிம்மதியா இருக்கணுமாமே! சும்மா இருக்கிறேனா பார் என்று வாய்விட்டே சொன்னாள்.

தீவில் ஒரு வழக்கம் உண்டு. மெயின்லேண்டிலிருந்து யார் திரும்பினாலும் அவர்களை வெறுங்கையோடு வர விடமாட்டார்கள். மாத்திரை, மூக்குக்கண்ணாடி, மிக்ஸி ஜார், தையல் மிஷின் பெல்ட் என்று ஊரில் பாதிப் பேரின் சாமான் அந்த ஒரு ஆள் கையில் கொடுத்துவிடப்படும். சுதாவும் எத்தனையோ பேருக்குச் சுமந்து வந்திருக்கிறாள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஹட் பே பெண்கள் வாலிபால் அணி அந்த வாரம் சென்னையில் போட்டி ஆடிக்கொண்டிருந்தது. பதினோரு பெண்கள், மேனேஜராக விசாலாட்சி டீச்சர். ஆகப் பன்னிரண்டு பேர். வியாழக்கிழமை போர்ட் பிளேருக்கு விமானம், வெள்ளிக்கிழமை அங்கிருந்து ஹட் பே கப்பல். ஒரு பயணி கையில் ஒரு லேப்டாப் இருந்தால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

“டீச்சர், ஆளுக்கு ஒண்ணு. கைப்பையிலயே வச்சுக்கணும். ஒருத்தரும் ஆன் பண்ணிப் பார்க்கக் கூடாது,” என்றாள் போனில்.

“அட, இவ்வளவுதானா? நான் என்னமோ ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டு வரச் சொல்லுவியோன்னு பயந்துட்டேன்,” என்றார் டீச்சர். சென்னை கோடவுனில் போய்ப் பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டதும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கப்பல் வந்தபோது துறைமுக ஜெட்டியில் கொட்டுகிற மழை. அதையும் மீறி மேளச்சத்தம், ஏனென்றால் நம் பெண்கள் கோப்பையை ஜெயித்துக்கொண்டு வந்திருந்தார்கள்! டப்பாக்கள் நனைந்துவிடப் போகின்றனவே என்று பயந்த சுதா, “பையைத் திறக்காதீங்க. வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சிருந்து காலையில கடைக்கு எடுத்துட்டு வாங்க,” என்று எல்லோரையும் அனுப்பி வைத்தாள். பைகளை அங்கேயே ஒரு பார்வை பார்க்காததுதான் அவள் பண்ணின தப்பு.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடைவாசலில் கால்வைக்க இடமில்லை. வீடியோவில் கம்பெனி அதிகாரி கோகுல் சென்னையிலிருந்து வந்தார். ஜெர்ஸி போட்ட பெண்கள் ஒவ்வொருவராக டப்பாவை நீட்ட, சுதா சீலைக் காட்டி, வெட்டி, லேப்டாப்பை ஓடவிட்டாள். ஒவ்வொரு திரை ஒளிரும்போதும் ஒரு விசில் பறந்தது. பத்தே முக்காலுக்குப் பதினொரு லேப்டாப் முடிந்திருந்தது.

பன்னிரண்டாவது, விசாலாட்சி டீச்சரிடம் இருந்தது. வழியெல்லாம் ஆட்கள் கோப்பையோடு போட்டோ எடுக்க நிறுத்தியதால் அவர் மூச்சுவாங்க வந்து சேரும்போது பத்து ஐம்பது. பையிலிருந்து முதலில் கோப்பையை எடுத்தார். அப்புறம் ஒரு பழைய காட்டன் புடவையை எடுத்தார். புடவையைப் பிரித்தார். உள்ளே லேப்டாப், மொட்டையாக.

“டீச்சர்! டப்பா எங்க?”

“சென்னை ஏர்போர்ட் குப்பைத்தொட்டியில. கப்பையும் அதையும் சேர்த்து ஒரே பையில எப்படிம்மா வைக்கிறது? நம்ம ஊர்ல யாரு டப்பாவோட சாமான் கொண்டு வர்றா? கீறல் விழாம புடவையில சுத்திக் கொண்டாந்திருக்கேன், பாரு.”

சுதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டீச்சரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. அவளே எத்தனை மிக்ஸியின் அட்டைப்பெட்டியைத் தூர எறிந்திருக்கிறாள்!

“மேடம், சீல் இல்லாத பீஸை நான் ஏத்துக்க முடியாது,” என்றார் கோகுல். “ஏற்கெனவே யாராவது யூஸ் பண்ணியிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?”

அந்தப் பன்னிரண்டாவது லேப்டாப்பை முன்பதிவு செய்து, அதை வைத்துத் திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டிய சங்கவி, சுதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணி பத்து ஐம்பத்து மூன்று.

எப்படித் தெரியுமா? சுதாவுக்குச் சுரீரென்று உறைத்தது. பழைய லேப்டாப் வாங்கும்போதெல்லாம் அவள் முதலில் பார்ப்பது அதைத்தானே!

“சார், நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க,” என்று லேப்டாப்பைக் கவிழ்த்து அடியில் இருந்த எண்ணைப் படித்தாள். “உங்க சர்வர்ல போட்டுப் பாருங்க. ஒரே ஒரு தடவை ஆன் ஆகியிருந்தாலும் முதல்ல ஆன் ஆன தேதியும் நேரமும் அதுல இருக்கும். ஆறு வருஷமா பழைய லேப்டாப்போட வயசைப் பார்த்துப் பார்த்து வாங்கினவ சார் நான். எனக்குத் தெரியாதா?”

கோகுல் தட்டச்சு செய்தார். சட்டென்று அவர் முகம் மாறியது.

“தேதி காலியாத்தான் இருக்கு. ஆன் பண்ணுங்க மேடம், ஜல்தி!”

சுதா கோகுலைப் பார்க்கவில்லை. சங்கவியின் விரலைப் பிடித்துப் பொத்தான் மேல் வைத்தாள். ஒரு நொடி கறுப்பு, அப்புறம் திரை முழுக்க நீலம்.

“வந்துருச்சு,” என்று கோகுல் உரக்கப் படித்தார். “முதல் இயக்கம், பத்து ஐம்பத்தாறு. இடம், ஹட் பே, லிட்டில் அந்தமான். பன்னிரண்டும் ஓகே. தீவுகள்லயே முதல் டீலர் நீங்கதான் மேடம்!”

அதற்குப் பிறகு அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. முந்தின நாள் மேளக்காரர் மறுபடி ஆரம்பித்துவிட்டார். டீச்சர் கோப்பையைத் தூக்கிச் சுதாவின் கையில் திணித்தார். சுதா அதைக் கட்டிக்கொண்டு எல்லோர் முன்னாலும் விம்மி விம்மி அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அழுகைக்கு நடுவிலேயே பெயிண்டரைக் கூப்பிட்டு, ஏணி போட்டு அந்தச் சட்டத்தை அளக்கச் சொன்னாள்.

பெயிண்டர் ஏணியில் இருக்கும்போதே போன் வந்தது. ரவிசங்கர்.

“சுதாம்மா... வீடியோ பார்த்தேன். ஷாபாஷ்!” ஒரு கனைப்பு. “இங்க ஒரு பெரிய ஆபீசர் உடனே ஒண்ணு வேணும்னு நச்சரிக்கிறார். அடுத்து உங்க ஆளுங்க யாராவது சென்னையிலிருந்து வந்தா, எனக்கும் ஒண்ணு கொடுத்துவிடச் சொல்றியா?”

சுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணியை நிமிர்ந்து பார்த்தாள்.

“பக்காவா கொடுத்துவிடச் சொல்றேன்ணே. டப்பாவை மட்டும் கேட்காதீங்க.”