பிரிக்காத பெட்டிகள்

கடல் கடந்து வந்த ஊர்க்காரர்களின் சங்கத்தில் பால்குடி மறந்த பிள்ளையிலிருந்து பல் போன கிழவர் வரை எல்லோருக்கும் அவள் பெட்டியக்காதான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், இருபத்திரண்டு வருஷமாக வேலை. துவைத்துத் தேய்த்து வரும் விரிப்புகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தரம் பிரிப்பது அவள் பொறுப்பு. ஓரம் பிரிந்தது, மைக்கறை போகாதது எல்லாம் கழிவுக்குப் போகும். நல்ல துணியைக் கழிக்க மனசு வராமல், மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பிறந்த ஊரின் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு வருஷமாக, வருஷத்துக்கு இரண்டு தடவை கப்பலில் பெட்டிகள் போயின. கார் நிற்க வேண்டிய கொட்டகையில் துணி நிறைந்ததால், கார் பாவம் தெருவில் நின்று மழையில் நனைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துப் பெண்கள் வந்து ஓரம் தைத்து, மடித்து, கட்டிக் கொடுப்பார்கள். அந்தக் கொட்டகையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

சின்னவள் வந்து நான்கு வருஷம் ஆகிறது. கொழுந்தன் பெண்டாட்டி. பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் வேலை. கல்லையும் பேசவைத்துவிடும் வாய். அவள் வந்த பிறகு மாமியார் போன் செய்தால், "பெரியவளே, நல்லா இருக்கியா?" என்று ஒரே கேள்வியோடு முடித்துவிட்டு, "சின்னவ பக்கத்துல இருந்தா குடு" என்பார். பெட்டியக்கா போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே அடுக்குவாள். கொட்டகையிலும் அதே கதை. முன்பெல்லாம் பெண்கள், "அக்கா, இது சரியா, அக்கா, அது சரியா" என்று அவள் முகத்தைப் பார்ப்பார்கள். இப்போது சின்னவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் வாயைப் பார்த்தார்கள்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில்தான் எல்லாம் வெடித்தது. செயலாளர் வழக்கம்போல் பெட்டியக்காவைப் புகழ்ந்து முடித்ததும் சின்னவள் எழுந்தாள்.

"ஒரு சின்ன கேள்விண்ணே. இத்தனை வருஷமா அனுப்புறோமே, உங்களுக்கு என்ன வேணும்னு அவங்ககிட்ட யாராவது கேட்டிருக்கோமா?"

சின்னவள் அங்கேயே ஊர் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸைப் போனில் அழைத்தாள். சுவரில் இருந்த பெரிய திரையில் நர்ஸின் முகம் தெரிந்தது. முதலில் நன்றி, வணக்கம் என்று நீட்டி முழக்கிய நர்ஸ், சின்னவள் விடாமல் கேட்கவும் மென்று விழுங்கிக்கொண்டே சொன்னார்.

"விரிப்புக்குக் குறை இல்லைங்க மேடம். துவைக்கத்தான் வழியில்லை. ரெண்டு பெரிய மெஷின் இருக்கு. ஒண்ணு ரெண்டு வருஷமா ஓடல. இன்னொண்ணு சுத்துது, ஆனா பிழிய மாட்டேங்குது. எல்லாம் கையாலதான். ஈரம் காயறதுக்குள்ள அடுத்த நோயாளி வந்துடறாங்க. புதுசா பிரிச்சா அதுவும் அழுக்குலதானே சேரும்? அதனால நீங்க இந்த ரெண்டு வருஷமா அனுப்பினது…" என்று போனைத் திருப்பிக் காட்டினார்.

சாமான் போட்டுவைக்கும் கிட்டங்கி அறையில் கூரை வரைக்கும் பெட்டிகள். கயிறுகூட அவிழ்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் பெட்டியக்காவின் குண்டு குண்டான கையெழுத்து.

யாரோ ஒருத்தர் "அடடா" என்றார். அவ்வளவுதான், சின்னவளுக்குக் கைதட்டல். அன்றைக்கே அவள் தலைமையில் புது மெஷின் வாங்க ஒரு குழு அமைந்தது. பெட்டியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் கொட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அவ நல்லதுதானே கேட்டா?" என்றார். அன்றைக்கு அவருக்கு ஆறிய சோறுதான்.

இதில் ஒரு விஷயம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். நர்ஸ் போனைத் திருப்பியபோது ஒரு நொடி சலவை அறை திரையில் வந்து போனது. அங்கே நின்றது அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஓட்டிய அதே ரக மெஷின். உள்ளே தண்ணீர் தேங்கி நின்றால் அது பிழியவே பிழியாது. தேங்குவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், தண்ணீர் வெளியேறும் வாயில் அடைப்பு. பத்து தடவையாவது அவள் தன் கையால் அதை எடுத்திருக்கிறாள். புது மெஷின் வாங்கினாலும், தரையைப் பெயர்த்துக் கான்கிரீட் பீடம் போட வேண்டும், கனத்த மின் இணைப்பு வேண்டும். அது லேசில் நடக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

சொல்லவில்லை. 'கேள்வி கேட்டவளே பதிலும் கண்டுபிடிக்கட்டும்' என்று இருந்துவிட்டாள்.

மூன்றாவது வாரம் சின்னவள் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள். "அக்கா, இந்தப் படத்துல எந்த மெஷின் நல்லது? எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

"எனக்கென்னம்மா தெரியும்? நான் பெட்டி கட்டுறவ."

சின்னவள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். அன்று பெட்டியக்காவுக்கு நல்ல பசி எடுத்தது. குழு திணறுகிறது, ஊரில் பீடம் போட ஆள் இல்லையாம், கப்பல்காரர் இழுத்தடிக்கிறாராம் என்று ஒவ்வொரு செய்தியாக வரவர, உள்ளுக்குள் யாரோ விசிறிவிட்டது போல் இருந்தது.

ஆறாவது வாரம் மறுபடி கூட்டம். மறுபடி திரை. நர்ஸ் இந்தத் தடவை, துணியறையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். "இவங்கதான் எல்லாத்தையும் துவைக்கிறாங்க. கொஞ்சம் கையக் காட்டும்மா."

அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினாள். பிளீச்சிங் பவுடரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. "எரிச்சல் பழகிடுச்சுங்க. இந்த ஒரு மாசமாத்தான் சோறு பிசைய முடியல" என்றாள் சிரித்தபடி.

பெட்டியக்கா எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் விழுந்தது.

"அம்மா, அந்தப் பிழியாத மெஷின்கிட்ட போங்க. கரண்டை நிறுத்திட்டு, கீழ பின்பக்கம் ஒரு தகடு இருக்கும், நாலு திருகாணி. கழட்டச் சொல்லுங்க."

ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். இவள் இங்கிருந்து திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்: இடது பக்கம், இல்லை, அதுக்கும் கீழ, அந்தத் தடிக் குழாய். குழாயைக் கழற்றியதும் நாற்றத் தண்ணீர் கொட்டியது. அதற்குப் பின்னால், காயம் கட்டும் துணி, நூல், தலைமுடி எல்லாம் சேர்ந்து ஒரு பூனைக்குட்டி அளவுக்கு உருண்டையாக வந்தது. உள்ளே கொண்டை ஊசி மூன்று.

அரைமணி நேரம். அந்த மெஷின் உறுமிக்கொண்டு பிழிந்தது. ஓடாத மெஷினில் பெல்ட்தான் அறுந்திருந்தது. பெல்ட்டின் எண்ணைப் படிக்கச் சொல்லி, உள்ளூர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவளுக்குக் கண்முன்னால் நின்றது அந்தக் கைகள்தான். அரைமணி நேர வேலை. ஆறு வாரம்.

கூட்டம் கலைந்து நாற்காலி அடுக்கும்போது சின்னவளிடம் சொன்னாள்.

"எனக்கு முதல் நாளே தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"என்ன அடைப்புன்னு. நீ திண்டாடணும்னு வாயை மூடிட்டு இருந்தேன்."

சின்னவள் முகம் சிவந்தது. "அந்தக் கையப் பாத்தீங்களா அக்கா? இந்த ஒரு மாசமா சோறு பிசைய முடியலையாம்!"

"பாத்தேன். அதான் எழுந்தேன்."

சின்னவள் இரண்டு நாற்காலிகளை மடித்து அடுக்கினாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும். ஆண்டுக் கூட்டத்துக்கு முந்தின வாரமே நர்ஸ்கிட்ட பேசிட்டேன். பெட்டி பிரிக்காம கிடக்குதுன்னு எனக்கு அப்பவே தெரியும். உங்ககிட்ட வீட்டுல வந்து தனியா சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"எங்க போனாலும் நான் 'பெட்டியக்கா வீட்டுச் சின்னவ'. நாலு வருஷமா அதேதான். ஒரு நாளாவது என்னையும் பாக்கட்டுமேன்னு…"

பெட்டியக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க ஒரு பத்து கேள்வி வந்தது. எதைக் கேட்டாலும் தனக்கும் சேர்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள். இருவரும் மீதி நாற்காலிகளை அடுக்கினார்கள்.

கப்பல் பெட்டி அதோடு நின்றது. ஊரில் பெட்டிகளைப் பிரித்து, வார்டு வார்டாக விரிப்பு போட்டார்கள். இப்போது சனிக்கிழமை மத்தியானம் துணியறைப் பெண்ணோடு பெட்டியக்கா திரையில் பேசுகிறாள்: எவ்வளவு பவுடர், எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு, குழாயை எத்தனை நாளுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது, கையுறையை எப்படிக் கழுவி மாட்டுவது. சின்னவள் நர்ஸிடமிருந்து தேவைப் பட்டியல் வாங்குகிறாள். சங்க மலரில் இருவருக்கும் நன்றி போட்டிருந்தார்கள். சின்னவளின் பெயர் முதலில் இருந்ததைப் பெட்டியக்கா இரண்டு தடவை பார்த்துவிட்டு மலரை மூடினாள்.

போன சனிக்கிழமை சின்னவள் ஏதோ கேட்க வந்து பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க அது?" என்றாள் துணியறைப் பெண்.

"என் ஓரகத்தி. வாடி, உக்காரு" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள் பெட்டியக்கா. போனை மட்டும் தன் பக்கமாகவே கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டாள்.