பஹ்மியோடு கதைப்பது

"பிள்ளையின்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ" என்றாள் ஜெயரூபி.

கிண்ணியா கிளினிக்கின் பின்னறையில் பாய் விரித்திருந்தது. தாய்மார் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு சுற்றி இருந்தார்கள். கைக்குழந்தைகளோடு எப்படிக் கதைப்பது என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அது. நடத்துகிற ஜெயரூபி அந்தப் பகுதியின் குடும்பநல மருத்துவமாது. டவுனிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். பாயில் இருந்த தாய்மாரில் ஒருத்தியான நிப்லாவின் வயதுதான் இருக்கும். ஆனாலும் எல்லோருக்கும் அவள் மிஸி.

"சட்டி கழுவேக்க சட்டியைப் பற்றிச் சொல்லுங்கோ. உடுப்புக் காயப்போடேக்க உடுப்பைப் பற்றிச் சொல்லுங்கோ. பிள்ளை ஒரு சத்தம் போட்டால் நீங்களும் பதிலுக்கு ஒண்டு சொல்லுங்கோ. விளங்காது எண்டு மட்டும் நினைக்காதேங்கோ."

"விளங்கினாத்தான் மிஸி கரைச்சல்" என்றாள் சனூஸா. "நான் மாமிக்கு ஏசுறதெல்லாம் போய்ச் சொல்லிக் குடுத்திருவான்."

அறை சிரித்தது. நிப்லாவும் உதட்டைச் சிரிக்க வைத்தாள். அவளுடைய முறை நெருங்கிக்கொண்டிருந்தது.

சனூஸா கூப்பிட்டாள். அவளுடைய மகன் திரும்பிப் பார்த்து, எச்சில் ஒழுக ஏதோ நீட்டி முழக்கினான். அடுத்தவள் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளையும் திரும்பியது.

நிப்லா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"வாய்க்குள்ள கொழுக்கட்டையா நிப்லா?" என்றாள் சனூஸா.

ஜெயரூபியே குனிந்து கூப்பிட்டாள். "பஹ்மி."

நிப்லாவின் மடியில் பஹ்மி மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பஹ்மி. பஹ்மிக்குட்டி."

திரும்பவில்லை. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"வீட்டில எப்பிடிக் கூப்பிடுறனீங்கள்?"

"பஹ்மி எண்டுதான்."

பொய். அந்தப் பெயரை அவள் ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. அவனுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. அழுகையைத் தவிர அவனிடம் வேறு சத்தம் இல்லை.

ஜெயரூபி ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். டவுன் ஆஸ்பத்திரியில் காது பார்க்க வேண்டும். "பயப்படாதேங்கோ" என்றாள். அதுவரை பயத்தை அடக்கி வைத்திருந்த நிப்லா, அந்தச் சொல்லோடு துண்டை எட்டாக மடித்துக்கொண்டு எழும்பிவிட்டாள்.

*

பஹ்மிக்கு முன்னால் ஜெஸ்மின் இருந்தாள்.

ஜெஸ்மின் குளிக்கும்போது சிரிப்பாள். தண்ணீர் பட்டதும் உடம்பு முழுக்கச் சிரிக்கும். ஒருநாள் கிணற்றடியில் நிப்லா பொறுக்க மாட்டாமல் மதில் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: "இஞ்ச வந்து பாருங்க மதினி, இவ சிரிக்கிறத. இந்த ஊர்ல இப்படி ஒரு புள்ள இரிக்கா?"

அன்று பொழுதுபட, மஃரிப் தொழுகை நேரத்துக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் அடக்கம் செய்தார்கள்.

மதினி என்பது பரீதா, புருசன் முனாபின் மூத்த சகோதரி. மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. ஜெஸ்மினின் உடுப்புகளை மடித்து வைக்க அவள்தான் வந்தாள். மடித்துக்கொண்டிருக்கும்போது, குற்றம் சொல்லும் குரலில் அல்ல, சும்மா, கேட்டாள்:

"அண்டைக்குக் கிணத்தடியில அப்படிச் சொன்னியே. மாஷா அல்லாஹ் சொன்னியா புள்ள?"

நல்லதை வாய்விட்டுச் சொன்னால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், எல்லாம் அல்லாஹ் நாடியது என்று. சொல்லாமல் விட்டால் நாவூறு படும். பெற்றவளின் நாக்கென்றால் இன்னும் கெட்டியாகப் படும். ஊரில் இது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிப்லா யோசித்தாள். சொன்னது போலவும் இருந்தது. சொல்லாதது போலவும் இருந்தது. இன்றுவரை அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

பஹ்மி பிறந்தபோது அவள் ஒரே ஒரு முடிவு எடுத்தாள். பால் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், நெஞ்சில் போட்டுத் தூங்க வைத்தாள். நாக்குக்கு மட்டும் வேலை கொடுக்கவில்லை. முனாப் மீன்பிடிக்கப் பலநாள் படகில் போகிறவன். கரைக்கு வந்தால் தூங்குவான். எழும்பினால் அடுத்த தொழிலுக்குப் போய்விடுவான். மதினியும் ஜெஸ்மினுக்குப் பிறகு இந்த வீட்டில் குரலைத் தணித்துத்தான் பேசினாள். நிப்லா இப்போது சரியான அமைதி என்று ஊரில் மெச்சிக்கொண்டார்கள்.

*

ஆஸ்பத்திரிக்கு மதினியும் கூட வந்தாள். பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியது. பஹ்மி கண்ணாடியில் நெற்றியை வைத்துத் தண்ணீரைப் பார்த்தான்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. காது கேட்காது என்று சொல்லிவிட்டால்? சொல்லிவிட்டால், அது பிறப்பில் வந்தது. அவள் செய்ததல்ல.

ஒரு கணம் நெஞ்சு லேசானது. பிறகு தான் எதற்கு ஆசைப்பட்டாள் என்பது விளங்கியது. பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவன் திமிறினான்.

"என்ன?" என்றாள் மதினி.

நிப்லா தலையை ஆட்டினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப் போனார்கள். பின்னாலிருந்து சத்தம் வந்தது. பஹ்மி திரும்பினான். மற்றப் பக்கத்திலிருந்து இன்னும் மெல்லிய சத்தம். திரும்பினான். உடம்பு முழுக்கக் காதாக இருப்பது போல் ஒன்றையும் விடாமல் திரும்பினான்.

"காதில ஒரு குறையும் இல்லை" என்றார் பரிசோதித்தவர். "வீட்டில இவரோட ஆர் கதைக்கிறது?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மதினி அழுதாள். கேள்வி அப்படியே நின்றது. நிப்லா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

*

இரண்டு நாள் கழித்து ஜெயரூபி வீட்டுக்கு வந்தாள். கதிரையைத் தள்ளிவிட்டுப் பிள்ளைக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள்.

"நீங்கள் இவரோட கதைக்கிறேல்லை. என்ன?"

நிப்லா வாசலைப் பார்த்தாள்.

"நான் ஏச வரேல்லை. வெக்கமா இருக்கோ?"

"ஏலாது மிஸி."

"ஏன் ஏலாது?"

நிப்லா முந்தானையால் பஹ்மியின் எச்சிலைத் துடைத்தாள். ஜெயரூபி பெருமூச்சு விட்டாள். அவளுக்கு இன்னும் நாலு வீடு இருந்தது. "சரி, நான் செய்யிறதைப் பாருங்கோ" என்று பஹ்மியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஆரிந்த வடிவான பெடியன்? ஆர்? ஆரின்ர கண்ணிது? என்ன வடிவான கண்! இந்தக் கிண்ணியாவில இப்பிடி ஒரு கண் ஆருக்கு இருக்கு?"

பஹ்மி அவளைப் பார்த்தான். முகம் மெல்ல விரிந்தது. பிறகு உடம்பு முழுக்கச் சிரித்தான்.

ஜெஸ்மினின் சிரிப்பு. அதே சிரிப்பு.

நிப்லா காத்திருந்தாள். இப்போது சொல்லுவாள். இப்போது சொல்லுவாள். ஜெயரூபி சொல்லவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் இன்னும் பிள்ளையைக் குலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் மதினி தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. மதினியைக் கூப்பிட்டு, அவள் வந்து, அவள் சொல்வதற்குள் நேரம் போய்விடும். வீட்டில் வேறு நாக்கு இல்லை.

"மாஷா அல்லாஹ்!"

குரல் கரகரத்து, கத்தலாக வந்தது. ஜெயரூபி திடுக்கிட்டாள்.

பஹ்மியின் சிரிப்பு நின்றது. அவன் திரும்பினான். உம்மாவின் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தான். இத்தனை நாளும் பக்கத்திலேயே இருந்த ஒரு பெட்டி திறந்துகொண்டது போலப் பார்த்தான்.

"நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" என்றாள் ஜெயரூபி.

"அதைச் சொல்லாம விட்டா புள்ளைக்கு ஆகாது மிஸி." கண் நிறைந்துவிட்டது. "ஒருக்கா விட்டுட்டன். விட்டனோ எண்டுதான் தெரியாது. மூத்தவ போயிட்டா."

ஜெயரூபி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஜெஸ்மினின் பெயர் அவளுக்குத் தெரியும். கிளினிக்கில் அந்தப் பிள்ளையை நிறை பார்த்தவளும் அவள்தான்.

"எங்கட அம்மா ஆரும் பிள்ளையை வடிவெண்டு சொன்னால் உடன தூ தூ எண்டு துப்புவா" என்றாள் கடைசியில். "எனக்கு மேலயும் எச்சில் படும்." பிள்ளையைக் கொண்டுவந்து நிப்லாவின் மடியில் இருத்தினாள். "நான் அதுக்கு வழக்காட வரேல்லை. சொல்லிச் சொல்லியே கதையுங்கோ. ஆனால் கதையுங்கோ. பாருங்கோ, இன்னும் உங்கட வாயைத்தான் பார்க்கிறான்."

*

ஸ்கூட்டிச் சத்தம் ஒழுங்கை முனையில் தேய்ந்தது. வெயில் தாழ்ந்திருந்தது. நிப்லா பஹ்மியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டும் பேசினுக்குள் இருத்தினாள். ஜெஸ்மினின் பேசின்தான். வேறு வாங்க முனாப் கேட்டபோது வேண்டாம் என்றிருந்தாள்.

அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாளி" என்றாள். சுற்றிப் பார்த்தாள். "மாஷா அல்லாஹ்."

தென்னோலை அசைந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"இது கயிறு. மாஷா அல்லாஹ். இது தண்ணி. மாஷா அல்லாஹ்."

மதிலுக்கு மேலால் மதினியின் தலை எழும்பியது. "ஆரோட புள்ள கதைக்கிறாய்? வாளிக்குமா மாஷா அல்லாஹ்?"

"ஓம் மதினி. இரிக்கட்டும்."

மதினி ஏதோ சொல்ல வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். தலையை இறக்கிக்கொண்டாள்.

தண்ணீரை அள்ளி அவன் தோளில் ஊற்றினாள். அவன் மூச்சை இழுத்தான். வாயைக் குவித்தான், விரித்தான். எச்சிலோடு ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. அவளுக்குச் சொன்னது.

நிப்லா அள்ளிய தண்ணீரைக் கீழே விட்டாள். கையை அவன் நெற்றியில் வைத்தாள். சுட்டது. தண்ணீருக்குள் இருந்த கை குளிர்ந்திருந்ததாலும் இருக்கலாம். கன்னத்தை வைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

அவன் திரும்பவும் அந்தச் சத்தத்தைப் போட்டுவிட்டு, வாயைப் பார்த்துக் காத்திருந்தான்.

"பஹ்மி" என்றாள் அவள். நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை. "மாஷா அல்லாஹ். பஹ்மி."